தந்தையின் கணக்கு யாருக்குத் தெரியும்?

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் எழுந்து நின்று, "என் தந்தை யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள்" என்று அறிவிப்பது நம் பள்ளிவாசல்களில் உள்ள நல்ல வழக்கம். ஆயினும் வர வேண்டியதைக் கேட்டு வருவோர் உண்டு. தாம் தர வேண்டியதைச் சொல்லி வருவோர் அரிது. அதை அறிந்தவரோ கஃபனுக்குள் இருக்கிறார்.

ஜமல் போர் நாளில் ஸுபைர் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துப் பேசிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தம் கடனே தமக்குப் பெருங்கவலை என்றும், சொத்தை விற்று அதனை அடைக்குமாறும் கூறினார்கள். இயலாவிட்டால் என் மவ்லாவிடம் உதவி கேள் என்றார்கள். மவ்லா யார் என மகன் கேட்க, அல்லாஹ் என்றார்கள். பின்னர் கணக்கிட்டபோது கடன் 22 இலட்சம். மக்கள் அமானிதமாகத் தந்த பொருள் வீணாகிவிடுமோ என அஞ்சி, அதனைக் கடனாகவே ஏற்றுக்கொண்டதால் சேர்ந்த தொகை அது. கடனை அடைத்த பின்னரும் மகனார் சொத்தைப் பிரிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் அறிவிப்புச் செய்த பிறகே பிரித்தார்கள்.

நம் வீடுகளில் இப்பேச்சு எழுந்தாலே "ஏன் அபசகுனமாகப் பேசுகிறீர்கள்?" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். இவ்விஷயத்தில் மட்டும் நாம் அதனை விடாமல் பிடித்திருக்கிறோம்! வஸிய்யத் செய்வதற்குரியது ஏதேனும் உடையவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்பது நபிமொழியின் கருத்து. இது செல்வந்தருக்கு மட்டும் உரியதன்று. சீட்டுக் கட்டுபவர், நகையை அடகு வைத்தவர், மஹரைப் பின்னர் தருவதாகச் சொன்னவர் என எல்லோரிடமும் எழுத ஒன்று உண்டு. கொடுக்கப்படாத மஹரும் கடனே.

இன்று கணக்குகள் யாவும் விரல்ரேகையால் பூட்டிய கைப்பேசிக்குள் கிடக்கின்றன. 10 ஆண்டுகள் இயக்கப்படாத வங்கி வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றுவிடும். வாரிசுகள் பிறகும் கோரலாம். ஆனால் அப்படியொரு கணக்கு இருந்ததே தெரியாதவர் எதைக் கோருவார்? கடவுச்சொற்களை எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உறையிலிட்டு ஒட்டி, அது இருக்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வைத்தால் போதும்.

நாமினி பெயரைக் கொடுத்தாயிற்றே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வங்கிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்புதான் நாமினிக்கு உண்டு. உரிமை வாரிசுகள் அனைவருக்கும் உரியது. கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியதைப் பங்கிட்டே ஆக வேண்டும். மூத்த மகன் நாமினியாக இருந்து சகோதரிகளின் பங்கு மறைந்துபோன வீடுகளும் உண்டு. ஆகவே இதைப் பேச அமரும் நாளில் மனைவியையும் மகள்களையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.