சுரங்கம் மூடி அரை நூற்றாண்டு... மீனில் இன்னும் பாதரசம்! சிலிக்கான் பள்ளத்தாக்கில் என்ன பிரச்னை?

சிலிக்கான் பள்ளத்தாக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சாஃப்ட்வேர் கம்பெனிகள்தான். ஆனால், அங்குள்ள சான் ஹோசே நகரின் நாளிதழுக்குப் பெயர் 'மெர்குரி நியூஸ்'. மெர்குரி என்றால் பாதரசம். ஊரை ஒட்டிய மலையில் இருந்த நியூ அல்மாடன் பாதரசச் சுரங்கத்தால் வந்த பெயர் இது.

அந்தச் சுரங்கம் 1970-களிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் அருகிலுள்ள நீர்த்தேக்கங்களின் கரைகளில், 'இங்கே பிடிக்கும் மீனைச் சாப்பிடக் கூடாது' என்ற எச்சரிக்கை இன்னமும் இருக்கிறது.

அவ்வளவு பாதரசம் எதற்கு?

தங்கத்துக்காக. 1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் பாதரசத்துக்குக் கிராக்கி எகிறியது. மண்ணில் கலந்த தங்கத் துகள்களைப் பாதரசம் பற்றிக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி, தங்கம் மிஞ்சும். நியூ அல்மாடனில் மட்டும் சுமார் 38,000 டன் பாதரசம் எடுத்தார்கள். வட அமெரிக்காவில் வேறெந்தச் சுரங்கமும் இவ்வளவு தரவில்லை.

சுரங்கத்தைத்தான் மூடிட்டாங்களே, அப்புறம் என்ன?

பிரச்னை சுரங்கத்துக்குள் இல்லை, வெளியே கொட்டிய கழிவில் இருக்கிறது. சாதிலிங்கம் எனப்படும் சிவப்புத் தாதுவை உலையில் வறுத்து, வரும் ஆவியைக் குளிர வைத்தால் பாதரசம் கிடைக்கும். வறுத்த கழிவை ஓடைக்கரைகளில் கொட்டினார்கள். அதில் மிச்சமிருக்கும் பாதரசம் ஒவ்வொரு மழைக்கும் அரித்துக்கொண்டு போய், குவாடலூப் ஆறு வழியாக சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் சேர்கிறது. அடோபி தலைமையகத்தை ஒட்டி ஓடுவதும் இதே ஆறுதான்.

மீனுக்குள் எப்படிப் போகிறது?

கோடையில் நீர்த்தேக்கத்தின் அடியில் ஆக்சிஜன் குறையும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் மெர்குரியாக மாற்றிவிடும். இதுதான் ஆபத்தான வடிவம். பாசியில் ஏறி, சின்ன மீனுக்குப் போய், அதைத் தின்னும் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீரில் இருப்பதைவிடப் பல லட்சம் மடங்கு மீனில் இருக்கலாம். கழுவினாலும் வறுத்தாலும் போகாது. கர்ப்பிணி சாப்பிட்டால், வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளை வரை போகும்.

யார் சுத்தம் செய்வது?

சிக்கலே இங்குதான். லாபம் பார்த்த கம்பெனிகள் எப்போதோ போய்விட்டன. நியூ அல்மாடன் இப்போது மாவட்ட நிர்வாகத்தின் பூங்கா. நீர்த்தேக்கங்களின் அடியில் ஆக்சிஜன் செலுத்தி, அந்த பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறது உள்ளூர் நீர்வாரியம். செலவு மக்கள் பணம்.

அதே மாநிலத்தின் கிளியர் லேக் ஏரிக்கரையில் இன்னொரு சுரங்கம். 1957-ல் மூடப்பட்ட இதை, 1990-ல் அதிக ஆபத்தான கழிவு இடங்களின் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. பக்கத்திலேயே வசிக்கும் எலெம் பழங்குடியினரின் குடியிருப்பில் சாலைக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் இந்தச் சுரங்கக் கழிவையே போட்டிருந்தார்கள். பின்னாளில் அதைத் தோண்டி அகற்ற வேண்டியதாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, புதிய பாதரசச் சுரங்கங்களைத் தடை செய்கிறது. ஏற்கெனவே இயங்குபவற்றுக்கு 15 ஆண்டு கெடு. 2018-ல் இந்தியாவும் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே மாசுபட்ட இடங்கள் விஷயத்தில், நாடுகள் 'முயற்சி எடுக்க வேண்டும்' என்பதோடு நின்றுவிடுகிறது. கெடுவும் இல்லை, கட்டாயமும் இல்லை.

அதனால்தான் இன்று பல நாடுகள், சுரங்கத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே மூடும் செலவுக்கான உத்தரவாதத் தொகையைக் கேட்கின்றன. நியூ அல்மாடனில் 19-ஆம் நூற்றாண்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அந்த பில்லைத்தான் சான் ஹோசே மக்கள் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.