மிச்ச நூலும் எமது பெண்களின் மணித்தியாலங்களும்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வன்னிப் பெண்களுக்கென நடத்தப்பட்ட கைப்பணிப் பயிற்சிகள் கொஞ்சநஞ்சமல்ல. தையல், பனையோலை வேலை, பூவேலை என்ற வரிசையிலே குரோசே பின்னலும் இடைக்கிடை இடம்பிடித்தது. பயிற்சி முடியும், சான்றிதழ் கிடைக்கும், கண்காட்சி ஒன்றும் நடக்கும். அதன்பின் வீட்டு மூலையில் ஓர் உரப்பை எஞ்சிக் கிடக்கும். அதற்குள் சிவப்பில் ஒரு பிடி, பச்சையில் ஒரு தேசிக்காய் அளவு உருண்டை, எந்த நிறமென்றே சொல்ல முடியாத சிக்கல் ஒன்று. தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் பல வீடுகளில் இருக்கக்கூடிய இந்த உரப்பையைப் பற்றித்தான் எழுத விரும்புகின்றோம்.

மிச்ச நூலை வீசவேண்டாம், அதிலிருந்தும் வருமானம் பெறலாம் என்று எமது சகோதரிகளுக்கு அடிக்கடி சொல்லப்படுகின்றது. இதில் முதற்பாதி முற்றிலும் சரி. இரண்டாம் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்ள எம்மால் முடியவில்லை. மிச்ச நூலுக்குக் காசில்லை; ஆனால் அதைப் பின்னுகின்ற கைக்கும் கண்ணுக்கும் நேரத்துக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டத்தையும் வாழ்வாதாரம் என்று அழைப்பது தவறு என்பதே எமது கருத்து.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். தண்ணீரூற்று மக்களுக்கு வீடு விட்டுப் போவது புதிதல்ல. 1990 ஒக்டோபரில் இங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2009 போரின் இறுதிக்கட்டத்தில் எஞ்சியிருந்தோரும் கிழக்கே கரையோரத்தை நோக்கி ஒதுக்கப்பட்டு, பின்னர் வவுனியா முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அத்தனை இடப்பெயர்வுகளையும் கடக்க முடியாது. குரோசே ஊசியோ ஒரு விரலளவு நீளம் கொண்டது, சட்டைப்பைக்குள் அடங்கும். மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கடனுக்கு இயந்திரம் வாங்கவும் வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலை விளக்காக்கிப் பிள்ளைகளைப் படிப்பித்த ஊர் இது. மிச்சத்தைக் கொண்டு சமாளிக்கும் வித்தையை எமது பெண்களுக்கு எவரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்கவேண்டியதில்லை.

வீட்டுத் தேவைக்கு என்றால் அந்த உரப்பை ஒரு சொத்துத்தான். ஆனால் அதை எப்படிப் பிரிப்பது என்பதில் பலர் பிழை விடுகின்றனர். நிறத்தின்படி பிரிப்பார்கள். பிரிக்கவேண்டியது முதலில் நூலின் வகையின்படி, அடுத்துத் தடிப்பின்படி, நிறம் கடைசி. பருத்தி நூல் தோய்க்கும்போது சுருங்கக்கூடும். கடைகளில் வூல் என்று விற்கப்படும் செயற்கை நூல் அவ்வளவாகச் சுருங்காது. இரண்டையும் ஒரே விரிப்பில் கலந்தால் இரண்டு தோய்ப்புக்குள் விரிப்பு அப்பளம்போல நெளிந்துவிடும். அதைவிட முக்கியமானது, அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிக்குச் செயற்கை நூலைப் பாவிக்கவே கூடாது. சூட்டில் அது உருகிக் கையில் ஒட்டும். அதற்குப் பருத்தி நூல்தான், அதுவும் இரட்டையாகப் பின்னவேண்டும்.

நிறங்கள் பொருந்தவில்லையே என்ற கவலைக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு பதில் இருக்கின்றது. நடுவில் ஒரு சிறு வளையம், அதைச் சுற்றிச் சுற்று ஒன்றுக்கு ஒரு நிறம், நான்கு மூலை வைத்து ஒரு சதுரம். இந்தச் சதுரத்தின் மாதிரி 1885இலேயே அமெரிக்காவின் 'பிரேரி ஃபார்மர்' என்னும் கமக்காரர் பத்திரிகையில் வெளிவந்தது. மிச்ச நூலைத் தீர்க்க வழி தேடியவர்கள் பண்ணை வீட்டுப் பெண்கள் என்பதில் வியப்பில்லை. ஒவ்வொரு சதுரத்தின் கடைசிச் சுற்றையும் ஒரே நிறத்தில் முடித்தால், கறுப்போ சந்தன நிறமோ, உள்ளே எத்தனை நிறம் இருந்தாலும் கண்ணுக்கு இதமாக இருக்கும். அந்த ஒரு நிறத்தை மட்டும் புதிதாக வாங்கினால் போதும். உள்ளங்கையளவு சதுரம் ஒன்றுக்குக் கொஞ்ச நூலே தேவை. ஆகவே எவ்வளவு சிறிய உருண்டையும் வீணாகாது. நூல் முனைகளை வெட்டிவிடாமல் அகலமான கண்ணுள்ள ஊசியால் உள்ளே ஓட்டி மறைக்கவேண்டும். மிச்ச நூல் வேலையில் அரைவாசி நேரம் இந்த முனைகளுக்கே போய்விடும் என்பதை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளில் சொல்வதில்லை!

எதைப் பின்னுவது என்பதிலும் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. குளிர்நாட்டு மாதிரிப் புத்தகங்களைப் பார்த்துக் கம்பளித் தொப்பியும் கழுத்துத் துண்டும் பின்னப் பழக்குகின்றார்கள். சித்திரை வெயிலில் இவற்றை யார் போடுவது? மார்கழிப் பனிக்குப் பிறந்த குழந்தைக்கு ஒரு தொப்பி போதும். அதைத் தவிர்த்துப் பார்த்தால் சந்தைக்குக் கொண்டுபோகும் பை, தண்ணீர்ப் போத்தல் கொழுவும் உறை, கதிரை விரிப்பு, கால்மிதி, பள்ளிப்பிள்ளையின் பென்சில் பை என்று எமக்குத் தேவையானவை எத்தனையோ. நூல் போதாவிட்டால் பழைய பருத்திச் சீலையையும் கிழிந்த ரீசேர்ட்டையும் விரலகல நாடாவாக வெட்டித் தடித்த ஊசியால் பின்னலாம். மிதிபடும் விரிப்புக்கு அதுவே திறம். முல்லைத்தீவுக் கரையில் பழுதான வலைகளின் நைலோன் நூல் இருக்கின்றது. ஈரத்தில் உக்காத அந்த நூலில் பின்னிய பை மீன் வாங்கப் போவதற்கு உகந்தது.

இனி விற்பனைக்கு வருவோம்.

துணி நெசவுக்கு இயந்திரம் உண்டு, ஊசிப் பின்னலுக்கும் உண்டு. குரோசேயை முழுமையாகச் செய்யவல்ல இயந்திரம் இன்றுவரை தொழிற்சாலைகளில் இல்லை. கொழும்புக் கடையிலோ இலண்டன் கடையிலோ உண்மையான குரோசேப் பொருள் ஒன்று தொங்கினால் அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் இழுத்திருக்கின்றார். அது மலிவாக இருந்தால் அந்தக் கைக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இந்தக் கதையில் திருச்சபைகளுக்கும் பங்குண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது கோர்க் பகுதியில் உர்சுலைன் கன்னியர்களும், குளோன்ஸ் என்ற ஊரில் பங்குக் குருவின் மனைவி கசாண்ட்ரா ஹாண்டும் குரோசே லேசைப் பரப்பினர். பல குடும்பங்களுக்கு அன்று அது சோறு போட்டது. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆந்திராவின் கோதாவரிக் கரையிலுள்ள நர்சாபூரில் மிஷனரிமார் ஏழைப் பெண்களுக்கு லேஸ் வேலையைப் பழக்கினர். அது பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஆனால் ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கு தங்கி ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட நூல் வேறொரு பக்கத்தைக் காட்டியது. ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இணைப்பாள். வியாபாரமும் இலாபமும் பெரும்பாலும் ஆண்களின் கையில். பின்னும் பெண்கள் தொழிலாளராகக் கணக்கெடுக்கப்படவே இல்லை. வீட்டிலிருக்கும் பெண் ஓய்வு நேரத்தில் செய்வதுதானே என்ற ஒரே எண்ணம் கூலியைக் கீழே அழுத்தி வைத்திருந்தது.

'ஓய்வு நேரம்' என்ற அதே சொல் எமது பயிற்சி அறிக்கைகளிலும் காணப்படுகின்றது. விடியமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பகல் முழுவதும் கச்சான் தோட்டத்தில் நின்று, தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் ஒரு தாய்க்கு ஓய்வு நேரம் எங்கே இருக்கின்றது? அவர் பின்னுவது நித்திரைக்குரிய நேரத்தில். ஒரு வயதான அம்மா எம்மிடம் சொன்னது இது: "பிள்ளை, நூல் சும்மா கிடைச்சது எண்டு சொல்லுறியள். என்ர கண் சும்மா கிடைச்சதே?"

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு பை பின்னி முனை மறைத்து முடிக்கப் பத்து மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். நூல் மிச்சம், செலவில்லை. 600 ரூபாவுக்கு விற்றால் மணித்தியாலத்துக்கு 60 ரூபா. அதே பத்து மணித்தியாலம் களை பிடுங்கப் போனால் அதைவிட எத்தனையோ மடங்கு கிடைக்கும். இது தெரிந்தும் ஒருவர் பின்ன விரும்பினால், வெளியில் போகமுடியாத நிலை, முழங்கால் வருத்தம், மனதுக்கு ஆறுதல் என்று அதற்குக் காரணம் இருக்கலாம். அது அவரது தெரிவு. ஆனால் தெரியாமல் பின்னவிடுவது வேறு.

இன்னொன்றும் உண்டு. மிச்ச நூலில் செய்த பை விற்றவுடன் அதேபோல் இருபது பை கேட்டு ஒருவர் வருவார். மிச்சம் அப்போது தீர்ந்திருக்கும். அதே நிறம் மறுபடி கிடைக்காது. புது நூல் வாங்கவேண்டும். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இறக்குமதிப் பொருட்களெல்லாம் எவ்வாறு விலையேறின என்பதை நாம் மறக்கவில்லை. அந்த நூலுக்காக நுண்கடன் எடுப்பதை நாம் வன்மையாக எதிர்க்கின்றோம். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது. நூல் வாங்கக் கடன் தேவைப்படும் கட்டளையை முற்பணம் இல்லாமல் ஏற்கவேண்டாம். வாங்குபவர் நூலைத் தரட்டும், அல்லது அரைவாசிப் பணத்தைத் தரட்டும்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் செய்யக்கூடியது செலவில்லாத ஒரு வேலை. வீட்டுக்கு வீடு கிடக்கும் உரப்பைகளை ஒரு நாள் ஒன்றாகக் கொட்டுங்கள். வகையும் தடிப்பும் பார்த்துப் பிரித்து நிறுத்துப் பாருங்கள். தனி வீட்டில் ஒரு தொப்பிக்கும் போதாத நூல், பத்து வீடு சேர்ந்தால் ஒரே மாதிரியான பல பைகளுக்குப் போதுமாகலாம். பழகுபவர்களுக்குச் சிக்கல் நூலைக் கொடுங்கள். நல்ல நூலில் கை பழகவேண்டியதில்லை. ஒரு கொப்பியில் யார் எதை எத்தனை மணித்தியாலத்தில் பின்னினார் என்பதைத் திகதியோடு எழுதுங்கள். விலை கேட்டு வருபவர் முன்னால் அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.