மூக்கை நம்பாதீங்க, சோப்புத் தண்ணியை நம்புங்க

ஆம்பூர்ல பஸ்ஸை விட்டு இறங்கினதும் பிரியாணி வாசம் வரும்னு எழுதுறவங்க எல்லாம் வெளியூர்க்காரங்க. எங்களுக்கு முதல்ல வர்றது டேனரி வாசம்தான். அதுவும் வெளியூர்ல ஆணி புடுங்கிட்டு லீவுக்கு வர்ற அன்னிக்கு முதல் பத்து நிமிஷம். அப்புறம் நாத்தம் அங்கேயேதான் இருக்கும், நமக்குத் தெரியாது.

இந்த ஊர் ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், மூக்கு ஒரு மீட்டர் இல்லன்னு. ஆனா கேஸ் லீக்குன்னு வந்தா அடுப்படியில இருந்து டேனரி கழிவுத் தொட்டி வரைக்கும் மோந்து பார்த்துதான் தீர்ப்பு சொல்றாங்க. அந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு.

எங்க வீட்டுக்கு சிலிண்டர் போட வந்தவர் ரெகுலேட்டரை மாட்டினாரு, குனிஞ்சு ஒரு மோப்பம், "ஒண்ணும் இல்லம்மா"ன்னு கிளம்பிட்டாரு. நான் பாத்திரம் கழுவுற லிக்விடைத் தண்ணியில கலந்து, ரெகுலேட்டரும் வால்வும் சேர்ற இடத்துல ஸ்பாஞ்சால தொட்டு வச்சேன். குட்டி குட்டியா நுரை முட்டை கிளம்பிட்டே இருக்கு. கழட்டிப் பார்த்தா வால்வுக்குள்ள இருக்குற ரப்பர் வளையம் வெடிச்சிருக்கு. ஏஜென்சிக்கு போன் போட்டேன்.

"நாத்தம் வருதா சார்?"
"வரலை."
"அப்ப லீக் இல்ல சார்."

என்னத்த சொல்ல!

எல்பிஜிக்கு சொந்தமா சொல்லிக்கிற மாதிரி வாசனையே கிடையாது. நமக்கு வர்ற அந்த நாத்தம் எத்தில் மெர்காப்டன், வேணும்னே சேர்க்கிறது. 1937 மார்ச் 18 அன்னிக்கு அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன் ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல வாசனை சேர்க்காத இயற்கை எரிவாயு கசிஞ்சு வெடிச்சு, ஏறக்குறைய 300 பேர் செத்தாங்க, பெரும்பாலும் குழந்தைங்க. அதுக்கப்புறம்தான் டெக்சாஸ்ல வாசனை சேர்க்கணும்னு சட்டமே வந்துச்சு. ஆக அந்த நாத்தம் ஒரு அபாய மணி. அடிச்சா ஓடணும், சரி. அடிக்கலைன்னா ஆபத்து இல்லைன்னு எவன் சொன்னான்? சளி பிடிச்ச மூக்கு, வயசான மூக்கு, நம்ம மாதிரி பழகிப்போன மூக்கு, எதுக்கும் கேட்காம போகலாம். போதாக்குறைக்கு எல்பிஜி காத்தை விட கனம், தரையோட படியும். காத்துல சுமார் 2 சதவீதம் இருந்தாலே பத்திக்கும். இதுல தீக்குச்சி கிழிச்சுப் பார்க்குற கோஷ்டி வேற தனியா இருக்கு. அவங்களுக்கு பதில் எழுத எனக்குத் தெம்பில்ல.

அமெரிக்காவுல இருக்குற காலேஜ் நண்பன் ஒருத்தன் வீட்டுலயே பீர் காய்ச்சுறான். (அங்க 1978ல வந்த சட்டத்துக்கப்புறம் அது ஓகே. நம்ம ஊர்ல முயற்சி பண்ணி மதுவிலக்கு போலீஸ்ல மாட்டினா நான் பொறுப்பில்ல.) பீரை கெக்குங்குற எஃகு பீப்பாயில அடைச்சு, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை மாட்டி வைப்பான். ஒரு தடவை ராத்திரியோட ராத்திரியா சிலிண்டர் காலி. அந்த கேஸுக்கு வாசனையே இல்ல, மூக்கை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அதனாலயே ஒழுங்கா தேடினான். ரெகுலேட்டர் நட்டு, ட்யூப், கெக் மூடி, கேஸ் உள்ள போற முனை, ஒவ்வொண்ணா சோப்புத் தண்ணி அடிச்சான். முட்டை வரலைன்னா சிலிண்டரை மூடிட்டு மீட்டர் முள் இறங்குதான்னு பார்க்கணுமாம். பீர் கேஸைக் குடிச்சாலும் முள் இறங்கும், அதனால காலி கெக்ல பண்ணணும். நாம கோடு பாதி பாதியா கமெண்ட் பண்ணி பக் தேடுற அதே டெக்னிக்குதான். கடைசியில மூடி ஓ-ரிங்ல ஒரு கீறல். மாத்தினான், முடிஞ்சது.

வீணாப் போற பீருக்குக் கிடைக்கிற இந்த மரியாதை எங்க ஊர் தொழிலாளிக்கு இல்ல.

டேனரியில தோல்ல இருந்து முடி எடுக்க சுண்ணாம்போட சோடியம் சல்பைடு போடுவாங்க. அந்தத் தண்ணியும் அமிலம் கலந்த இன்னொரு கழிவுத் தண்ணியும் சேர்ந்தா ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். தேங்கின சேத்துக்குள்ளயும் அது உண்டாகும், கிளறினா வெளிய வரும். அழுகின முட்டை நாத்தம். பத்து லட்சத்துல ஒரு பங்குக்குக் கீழ இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சிடும். ஆனா 100 பங்கைத் தாண்டினா மூக்கோட நரம்பு மரத்துப் போயிடும். நாத்தம் நின்னுடும். 700, 1000ன்னு போனா ஒண்ணு ரெண்டு மூச்சுல ஆள் விழுந்துடுவான்.

திரும்பப் படிங்க. நாத்தம் நிக்கிறது கேஸ் குறைஞ்சதால இல்ல, ஏறினதால. "இப்ப நாத்தம் இல்ல, இறங்குப்பா"ன்னு மேஸ்திரி சொல்ற நேரம்தான் மோசமான நேரம். முதல் ஆள் விழுவான், அவனைத் தூக்க ரெண்டாவது ஆள் குதிப்பான், அவனைத் தூக்க மூணாவது ஆள். மறுநாள் பேப்பர்ல "விஷவாயு தாக்கி". வாயு என்னமோ அருவா எடுத்துட்டு வந்த மாதிரி. கூடவே "தொழிலாளியின் கவனக்குறைவு"ன்னு ஒரு வரி. அவன் கவனமா மோந்து பார்த்துட்டுத்தான் இறங்கியிருப்பான் சாமி, வேற எதுவும் அவன் கையில குடுக்கலையே.

சட்டம் இல்லாம இல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 36வது பிரிவுலயே எழுதி வச்சாங்க. இந்த மாதிரி தொட்டிக்குள்ள ஆள் இறங்கணும்னா தகுதியானவர் சோதிச்சு எழுத்துல சான்று குடுக்கணும், இல்லேன்னா மூச்சுக்கருவியும் கயிறு கட்டின பெல்ட்டும் இருக்கணும். மூக்குங்குற வார்த்தை அதுல எங்கயும் இல்ல. பாதாளச் சாக்கடையில இறங்கிச் செத்தா 30 லட்சம் இழப்பீடுன்னு 2023ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. சட்டைப்பையில மாட்டுற ஹைட்ரஜன் சல்பைடு மீட்டர் ஒரு சுமாரான செல்போன் விலைதான். "சின்ன டேனரி, கட்டுபடியாகாது"ன்னு சொல்ற முதலாளி கையில இருக்குற போன் அதை விட ஜாஸ்தி. வாங்கி வச்சவங்கள்லயும் சிலர் ஆடிட் அன்னிக்கு மட்டும்தான் வெளிய எடுக்கிறாங்க.

டேனரி முதலாளிங்க இதைப் படிக்கப் போறதில்ல. நீங்க படிக்கிறீங்க, அதனால உங்களுக்கு. அடுத்த சிலிண்டர் வரும்போது சோப்புத் தண்ணி ரெடியா வச்சு, போட வந்தவர் நிக்கும்போதே தொட்டுப் பாருங்க. முட்டை வந்தா மாட்ட விடாதீங்க. ஏற்கெனவே கசிஞ்சு நாத்தம் வந்தா ஸ்விட்சைத் தொடாம ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளிய வந்து 1906க்கு அடிங்க. அந்த நம்பர் 2016ல இருந்து இருக்கு. ரப்பர் ட்யூப்ல தேதி அச்சடிச்சிருக்கும், அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா மாத்திடுங்க. இப்பவே எழுந்து போய்ப் பாருங்க, பின்னூட்டக் கும்மியை அப்புறம் வச்சுக்கலாம்.