சம்பளம் உண்டா, இல்ல சேவையா?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன் மக்களே. ஊர்னா செட்டியார்பட்டி. ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்தை ஒட்டின பேரூராட்சி. (தளவாய்புரம் நைட்டி தெரியுமா, அதுக்குப் பக்கத்து ஊர்னு சொன்னா பெங்களூர்ல சட்டுனு புரியுது. என்ன கொடுமை சார் இது!)

சொந்தத்துல ஒரு விசேஷம். பந்தியில பக்கத்து இலையில சித்தி மகள். எதிர்வரிசையில பெரியப்பா. அவருக்கு யாரையாவது வம்புக்கு இழுக்காட்டி சாம்பார் இறங்காது.

"என்ன தாயி, இப்ப எங்க வேலை பாக்க?"

"சுற்றுச்சூழல் நிருபரா இருக்கேன் பெரியப்பா. லாப நோக்கமில்லாத செய்தி நிறுவனம்."

"லாபமே கிடையாதா? அப்ப சம்பளம் உண்டா, இல்ல சேவையா?"

பந்தியே சிரிச்சது. நானும் சிரிச்சுட்டேன். ராத்திரி படுத்தா அந்தச் சிரிப்பு தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. நான் பொட்டி தட்டுற கம்பெனி யாருக்கு என்ன நல்லது பண்ணுதுன்னு இந்த ஆறு வருஷத்துல ஒருத்தர் கேட்டதில்லை. அவளைப் பார்த்து மட்டும் கேக்கறாங்க.

பெரியப்பாவை விடுங்க, பாவம். படிச்ச அதிகாரிகளே அதைத்தான் சொல்றாங்க. 2025 ஜனவரியில ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்ங்கிற செய்தி அமைப்போட லாபநோக்கற்ற அந்தஸ்தை வருமான வரித்துறை ரத்து பண்ணுச்சு. 2019ல தேர்தல் பத்திர விவகாரத்தைத் தோண்டி எழுதின நிதின் சேத்தியோட அமைப்பு. காடு, நிலக்கரின்னு தொடர்ந்து எழுதறவங்க. பத்திரிகைத் தொழிலால பொதுநோக்கம் எதுவும் நிறைவேறலைன்னு அதிகாரிகள் காரணம் சொன்னதா அவங்களே அறிவிச்சாங்க. கிட்டத்தட்ட அதே சமயத்துல கன்னடத்துல நடக்கிற தி ஃபைல் தளத்துக்கும் அதே கதி. அந்தஸ்து போனா வர்ற நன்கொடைக்கும் வரி கட்டணும். மாசாமாசம் சம்பளத்துக்கே முழிக்கிற இடத்துல இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லணுமா?

எங்க பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்துல நீர்பாய்ச்சின்னு ஒருத்தர் இருப்பார். மடையைத் திறந்து அடைக்கிறது, எந்த வயலுக்கு எப்பத் தண்ணின்னு முறை வைக்கிறது, ராத்திரி எவனாவது கரையை வெட்டுறானான்னு பாக்கிறது எல்லாம் அவர் பொறுப்பு. அறுப்பு முடிஞ்சதும் களத்துல அவருக்கு ஊரே நெல் அளக்கும். பெரியப்பாவே அளந்திருக்கார். அங்க யாரும் 'சேவையா'ன்னு நக்கல் அடிச்சதில்லை. அவரால லாபம் எவ்வளவுன்னு கணக்கும் கேக்கலை. அவர் இல்லாட்டி கடைமடைக்குத் தண்ணி வராது, அவ்வளவுதான் கணக்கு.

தங்கச்சி பாக்கிறதும் அதே காவல்தான். கண்மாய் மட்டும் பெரிசு.

ஒரு உதாரணம். நம்ம தென்கடலோரத் தாதுமணல். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் அள்ளித் தள்ளினது ஊருக்கே தெரியும். 2013ல மாநில அரசு தடையும் போட்டுச்சு. ஆனா அதை ஆவணத்தோட, வரிசையா, பேரைச் சொல்லி எழுதினது யாரு? 2017ல சந்தியா ரவிசங்கர் எழுதின தொடர் தி வயர்ல வந்தது. அதை நடத்துறது ஒரு லாபநோக்கற்ற நிறுவனம். எழுதினதுக்குப் பரிசு என்ன தெரியுமா? மிரட்டல் போன். 2025 பிப்ரவரியில சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு போட்டு, 5,832 கோடி ரூபாயை வசூலிக்கவும் வழி விட்டுச்சு. எல்லாம் அந்த ஒரு தொடராலன்னு அளக்க மாட்டேன், அது பல பேர் பல வருஷம் போட்ட சண்டை. ஆனா அந்தக் கோடிகளுக்குப் பக்கத்துல ஒரு நிருபரோட வருஷச் சம்பளத்தை வச்சுப் பாருங்க. பெரியப்பா, இதுல நஷ்டம் எங்க இருக்கு?

அமெரிக்காவுல இன்சைட் க்ளைமேட் நியூஸ்னு ஒண்ணு. 2010ல மிச்சிகன் கலமசூ ஆத்துல எண்ணெய்க் குழாய் உடைஞ்சதை விடாம தோண்டி எழுதி 2013ல புலிட்சர் வாங்கினாங்க. அப்ப மொத்தமே ஏழு பேர். நம்ம டீம்ல டெஸ்டிங்குக்கே அதை விட ஜாஸ்தி ஆளு.

'ஏன், தினசரிப் பேப்பர் எழுதாதா?'ன்னு கேப்பீங்க. எழுதும், வெடிச்சா எழுதும். பக்கத்து சிவகாசியே சாட்சி. வெடிச்ச அன்னைக்கு எத்தனை பேர்னு பெட்டிச் செய்தி, மறுநாள் வேற செய்தி. ஆனா நிலத்தடி நீர் வெடிக்காது, சத்தமில்லாம இறங்கும். எங்க மேற்கு மலை 2021 பிப்ரவரியில ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. அன்னைக்கு எல்லாரும் புலி படம் போட்டாங்க. அடிவாரத் தோப்புக்காரனுக்கு என்ன ஆச்சு, ஆடு மேய்க்கிறவன் இப்ப எங்க போறான்னு திரும்பி வந்து பாக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் வேணும். தாலுகா நிருபருக்குப் பல இடத்துல சம்பளமே கிடையாது, செய்திக்கு இவ்வளவு, விளம்பரம் பிடிச்சா கமிஷன். எந்த ஆலைகிட்ட விளம்பரம் கேக்கணுமோ அதே ஆலைத் தண்ணியைப் பத்தி அவர் எழுதணுமாம். நல்லா இருக்குய்யா நியாயம்!

அவ வேலை என்னன்னு கேட்டேன். காடு மேடு சுத்துறதுன்னு நினைச்சேன். பாதி நாள் பேப்பரோட மாரடிக்கிறது. தகவல் உரிமை மனு போட்டு 30 நாள் காத்திருக்கணும், பதில் வரும், அதுல பதில் இருக்காது, மேல்முறையீடு. ஒரு சுரங்கத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்னா 2006 அறிவிக்கைப்படி குறைஞ்சது 30 நாள் முன்னாடி சொல்லணும். சுருக்கம் மட்டும் உள்ளூர் மொழியில வரும், விஷயம் எல்லாம் நூத்துக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கையில இருக்கும். அதைப் படிச்சு, 'ஓடை இல்லை'ன்னு எழுதின இடத்துல ஓடை ஓடுதான்னு நேர்ல போய்ப் பாக்கணும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து நானும் நீங்களும் ஓசியில எழுதற பதிவுல இது நடக்காது. லினக்ஸ் ஓசிதானேம்பீங்க. கெர்னல் எழுதறவங்கள்ல பெரும்பாலானவங்க சம்பளம் வாங்கித்தான் எழுதறாங்க சாமி.

அடுத்து 'வெளிநாட்டுக் காசு' கோஷ்டி வரும். 2010 எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் 3ஆம் பிரிவைப் படிங்க. நிருபர், ஆசிரியர், ஒளிபரப்புச் செய்தி தயாரிக்கிற நிறுவனம் யாரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. மிச்சம் உள்ளூர்க் காசு. 2015ல பெங்களூர்ல ஆரம்பிச்ச ஐ.பி.எஸ்.எம்.எஃப். அறக்கட்டளைக்கு அசிம் பிரேம்ஜி, ரோகிணி நிலேகணி தரப்பெல்லாம் கொடுத்தாங்க. 2022 செப்டம்பர்ல அங்கயும் வருமான வரித்துறை போய் நின்னுச்சு. முதலாளிங்க கொடுத்தாங்க, சரி. அந்தக் கம்பெனிகள்ல பேட்ஜ் மாட்டித் திரியற நாம? மார்ச் மாசம் வரியை மிச்சம் பிடிக்க ரசீது தேடி அலையற கூட்டம் தானே நாம. செய்தியை ஃபார்வர்ட் பண்ணுவோம், 'அருமை, அவசியமான பதிவு'ன்னு பின்னூட்டம் போடுவோம். காசு? ஹிஹி.

இந்த நிறுவனங்கள் மேல எனக்கும் கோபம் உண்டு. ஒரு பெரிய நன்கொடை நின்னா நிருபர் வீட்டுக்குப் போகணும். அதை விடக் கடுப்பு, எங்க ஊர்க் கண்மாயைப் பத்தி ஆங்கிலத்துல எழுதி டெல்லியில படிக்கிறது. சாய்நாத் 2014ல ஆரம்பிச்ச பாரி தளம் தமிழ்லயும் மொழிபெயர்த்துப் போடுது, அதுக்கு ஒரு கும்பிடு. ஆனா கடைமடைக்காரனுக்கு அவன் மொழியில தெரியாத செய்தி பாதிச் செய்திதான். தமிழுக்கு ஆள் போடுங்கன்னு நாம கேக்கலாம். கேக்கறதுக்கு முன்னாடி நெல் அளக்கணும்ல?

ஊர்ல இருந்து திரும்பினதும் தங்கச்சிக்கு மெசேஜ் போட்டேன், நன்கொடை லிங்க் அனுப்பு, மாசாமாசம் கட்டுறேன்னு. லிங்க் வந்தது. கூடவே இன்னொண்ணு: "அண்ணே, தாத்தா பரண்ல பழைய பட்டா, வரைபடம் எல்லாம் வச்சிருந்தாரே, அதைத் தேடி போட்டோ எடுத்து அனுப்பு. கண்மாய் எல்லையைச் சரி பாக்கணும்."

பரண் பெரியப்பா வீட்டுல இருக்கு.

டிஸ்கி: பெரியப்பா இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துல எழுதினது. படிக்கிற சொந்தக்காரங்க போட்டுக் கொடுத்துடாதீங்கப்பு.