சட்டைப் பைக்குள் அடங்காத துப்பாக்கி

பினாங்கில் எங்காவது ஒரு நகைக்கடையில் கொள்ளை நடந்தால் போதும், மறுநாள் கோப்பிக்கடையில் அந்தப் பேச்சு எழும். "ஆளுக்கொரு சின்ன ரிவால்வர் கொடுத்துட்டா எந்தத் திருடன் கிட்ட வருவான்? அமெரிக்காவுல பையில போட்டுக்கிட்டுத்தானே திரியுறானுங்க!" லிட்டில் இந்தியாவில் நகைக்கடையோ நாணயமாற்றுக் கடையோ நடத்துபவர் இரவு கதவை இழுத்துப் பூட்டும்போது படும் பயம் பொய்யில்லை. அந்தப் பயத்தின் மேல் அடுக்கப்படும் வாதங்களில்தான் ஒன்றுகூட நிற்கவில்லை.

"சின்னது, லேசானது, யாரும் பழகிக்கலாம்" என்பதிலிருந்து தொடங்குவோம். இவர்கள் மனத்தில் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'ஏர்வெயிட்' வகை. அலுமினிய உடல், இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல், ஐந்து தோட்டா. வெறும் எடை சுமார் 425 கிராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டா கிளம்பும்போது பின்னோக்கி வரும் உதையை வாங்கிக்கொள்வது துப்பாக்கியின் எடைதான். எடையைக் குறைத்தால் மிச்ச உதை அப்படியே கையில் இறங்கும். சுடத் தெரிந்தவர்களே இந்த வகையை வைத்து நீண்ட நேரம் பயிற்சி செய்ய விரும்புவதில்லை. அடுத்தது விசை. அரைக் கிலோகூட இல்லாத துப்பாக்கியின் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கும் மேல் அழுத்தம் வேண்டும். அந்த இழுப்பில் குழலின் நுனி ஆடும். குழல் குட்டையானதால் குறி பார்க்கும் தூரமும் குறைவு, சிறு ஆட்டமும் பெரிய பிசகாகிவிடும். ஆகவே இது பழகியவருக்கான ஆயுதம். புதியவர் கையில் கொடுக்க இதைவிட மோசமான தேர்வு கிடைப்பது கடினம்.

"ரிவால்வர் சிக்கவே சிக்காது" என்பது அடுத்த நம்பிக்கை. பெரும்பாலும் சரிதான். ஆனால் டைட்டேனியம், ஸ்காண்டியம் கலந்து இன்னும் இளைக்க வைத்த ரிவால்வர்களில், ஒரு தோட்டாவின் உதையில் பக்கத்து அறைத் தோட்டாவின் ஈயமுனை உறையிலிருந்து நழுவி முன்னே வந்து, உருளையைச் சுழலவிடாமல் தடுப்பதுண்டு. அது போக, எந்த எடைக்குக் குறைந்த தோட்டாவைப் போடக்கூடாது என்று சில மாடல்களின் குழலிலேயே பொறித்திருக்கிறார்கள். நம் ஊர் புழுக்கம் வேறு. உடல் அலுமினியமாக இருந்தாலும் ஏர்வெயிட்டின் உருளை எஃகு. இடுப்பு வியர்வையிலும் கடற்காற்றிலும் நாள் முழுக்கக் கிடப்பதைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கும் ஆசையில் இருப்பவர்கள் இதையெல்லாம் பேசுவதில்லை.

"சட்டம்தான் விடமாட்டேங்குது" என்பது பாதி உண்மை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மாநிலப் போலீஸ் தலைவர் உரிமம் தரலாம்; ஆனால் விண்ணப்பித்தவருக்கெல்லாம் கிடைப்பதில்லை. உரிமமின்றி வைத்திருந்தால் அச்சட்டப்படியே ஏழாண்டு வரை சிறையோ 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ. 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் பிடித்தால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது ஆறு பிரம்படி.

இவ்வளவு கடுமை தேவையா என்று கேட்பவர்கள் இந்தத் தீவின் பழைய வழக்குகளைப் புரட்டலாம். 1970களில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவில், துப்பாக்கி வைத்திருந்ததற்கே மரண தண்டனைதான். 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே அது விதிக்கப்பட்டு, பிறகு மாற்றப்பட்டது. அதே பிரிவில் தண்டிக்கப்பட்ட தே செங் போ என்பவரின் வழக்கும் பினாங்கிலிருந்து மேல்முறையீட்டுக்குப் போனதுதான். அவரை விசாரிக்கப் பயன்பட்ட அவசரகால விதிகள் செல்லாது என்று 1978இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளிக்க, மறு ஆண்டே நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி அந்த ஓட்டையை அடைத்தது. அந்தக் கடுமையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கைத்துப்பாக்கியை இந்த நாடு ஒருநாளும் கடைச் சாமானாகப் பார்த்ததில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

"தற்காப்புக்குச் சுட்டா யார் கேப்பா?" என்றும் கேட்பார்கள். தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 99ஆம் பிரிவு அதற்கு வேலியும் போடுகிறது. சங்கிலியைப் பறித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு, உயிருக்கு ஆபத்து என்று நீதிபதியிடம் சொல்லிப் பாருங்கள். அதுவும் சாலை நிறைய ஆள் இருக்கும் மார்க்கெட் ஸ்திரீட்டில், நுனி ஆடும் அந்தக் குட்டைக் குழலால்!

"பக்கத்துல துப்பாக்கி இருந்தாலே பாதுகாப்பு" என்பவர்களுக்கு 2016 டிசம்பர் 1 நினைவிருக்கும். துன் டாக்டர் லிம் சொங் இயூ விரைவுச்சாலையில் ஒரு தொழிலதிபரைச் சுட்டுக் கொன்றது கொள்ளைக்காரன் இல்லை, அவருடைய சொந்த மெய்க்காவலர். பிறகு சாலையில் இருந்தவர்கள் மீதும் குண்டுகள் பாய்ந்தன. மொத்தம் மூன்று உயிர்கள் போயின. காவலுக்கு வந்த ஆயுதம் யார் பக்கம் திரும்பும் என்பதற்கு எந்த உரிமமும் உத்தரவாதம் தராது.

அமெரிக்கக் கதைக்கு ஒரு கணக்கு போதும். 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள்.

"அப்ப கடைக்காரன் என்னதான் செய்யணும்?" நியாயமான கேள்வி. உள்ளிருந்து பொத்தானை அழுத்தினால் மட்டும் திறக்கும் இரட்டைக் கதவு வைக்கலாம். அன்றாட வசூலைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரே ஆள் கொண்டுபோவதை நிறுத்தலாம். தொகை பெரிதென்றால் பணம் ஏற்றும் நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம். வாசலில் பம்ப்கன்னோடு ஜாகா நிற்கும் கடை என்றால், அவருக்கு ஒழுங்கான பயிற்சியும் வேளைக்கு மாற்று ஆளும் இருக்கிறதா என்று முதலாளி இன்றே போய்ப் பார்க்கலாம்.