அறிமுகமே மூலதனம்

1992 டிசம்பர். சிலிக்கன் பள்ளத்தாக்கில் சில இந்தியத் தொழில்முனைவோர் கூடியிருந்தார்கள். வரவேண்டியவர் இந்திய மின்னணுத் துறைச் செயலர். விமானம் தாமதம். காத்திருந்த நேரத்துப் பேச்சில் பிறந்தது 'டை' அமைப்பு. அதன் கூட்டங்களில் புதியவர்களுக்கு மூத்தவர்களின் ஆலோசனை கிடைத்தது, சிலருக்கு முதலீடும். பி.வி. ஜெகதீஷும் சென்னையில் பொறியியல் படித்த கே.பி. சந்திரசேகரும் 1994-ல் தொடங்கிய எக்சோடஸுக்குக் கைகொடுத்தவர், 'டை' நிறுவனர்களில் ஒருவரான கன்வல் ரேகி. 2001-ல் எக்சோடஸ் திவாலானது. 'டை' வட்டம் கலையவில்லை. பிழைக்கப் போன இடத்தில் பணத்தைவிடப் பெரிய மூலதனம் அறிமுகம்.

பிழைக்க டெல்லிக்கு வந்த தமிழர்களுக்கும் அதுவே மூலதனம். ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடையோரம் இருந்த மதராசி கேம்பில் கூட்டம் போட அரங்கம் இல்லை, தேவைப்படவும் இல்லை. பல பெண்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் வீட்டு வேலை. அந்தத் தொழிலில் சிபாரிசுக் கடிதம் என்பது பக்கத்து வீட்டு அக்காவின் வாய்வார்த்தைதான். நடக்கும் தூரத்தில் வேலை, அருகிலேயே தமிழ்ப் பள்ளி.

உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ல் கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை ஒரு பகுதிக் குடும்பங்களே. அதுவும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில். காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் துலக்க அங்கிருந்து எப்படி வருவது? மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் வாடகை வீடு தேடினார்கள்.

தகுதியை நிர்ணயிக்க ஆவணம் கேட்டார்கள். அக்காவின் வாய்வார்த்தைக்கு ஆவணம் கிடையாது.