பலகையில் தொங்கும் கலியாணம்

சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு வாலிபன். கம்பத்தில் தையல் கடையில் வேலை செய்யும் ஒரு பெண். இருவரும் மனம் ஒத்துக் கலியாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் இந்துக்கள் என்றால் வழி சுலபம். ஜாதி வேறாக இருந்தாலும் சரி. உற்றார், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இதில் ஒன்று போதும். புரோகிதர் கட்டாயம் இல்லை. அண்ணாதுரை முதல்-அமைச்சராக இருந்தபோது, 1967-ல் சட்டசபை கொண்டுவந்த திருத்தம் இது. பிறகு, 2009-ம் ஆண்டுச் சட்டப்படி, 90 நாளுக்குள் ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். அதாவது, கலியாணம் முதலில், காகிதம் பிறகு.

ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம் என்றால்? இருவருமே மதம் மாற விரும்பவில்லை என்றால்?

அங்கேதான் கதை மாறுகிறது!

30 நாள் காவல்

அவர்களுக்கு உள்ளது 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இதில் காகிதம் முதலில், கலியாணம் பிறகு.

ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். பெயர், வயது, தொழில், விலாசம் எல்லாம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு நோட்டீசு கொடுக்க வேண்டும். அந்த நோட்டீசை அதிகாரி ஆபீசில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார். நிரந்தர விலாசம் வேறு மாவட்டம் என்றால் அங்கும் ஒரு நகல் போகும். 30 நாள் காத்திருக்க வேண்டும்!

1872-ம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்தில் கூட 14 நாள்தான். சுதந்திர நாட்டில் அது இரட்டிப்புக்கும் மேலே போய்விட்டது.

ரிஜிஸ்தர் ஆபீசு என்பது காடு, வீடு வாங்குகிறவர்கள் பத்திரம் பதிய வரும் இடம். ஊர்க்காரர் ஒருவர் பலகையைப் பார்த்தால் போதும். சாயங்காலத்துக்குள் சேதி சுருளிப்பட்டி டீக்கடைக்கு வந்துவிடும். அப்புறம் அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே வர முடியுமா?

யாருக்காகப் பலகை?

"ஏற்கெனவே மனைவி உள்ளவன் ஏமாற்றிவிடக் கூடாதே, அதற்குத்தான்" என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அப்படிப்பட்டவன் நோட்டீசே இல்லாமல் ஒரு மண்டபத்தில் தாலி கட்டிவிட்டுப் போகிறானே! அவனுக்கு இல்லாத பலகை இவர்களுக்கு மட்டும் ஏன்?

பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டப்படி ஆட்சேபணையே அல்ல. ஆட்சேபிப்பவர் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். வீம்புக்குச் செய்தால் ஆயிரம் ரூபாய் வரை செலவுத் தொகை கட்ட நேரும். அரிவாளோடு வருகிறவன் எந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறான்?

வயதையும் விலாசத்தையும் விவாகரத்துத் தீர்ப்பையும் அதிகாரியே சரிபார்க்கட்டும். பலகை வேண்டாம். நோட்டீசை ஒட்டுவதா, வேண்டாமா என்பது மணமக்கள் விருப்பம் என்று அலகாபாத் ஐகோர்ட்டு 2021-ல் சொன்னது. பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தினால் கம்பம் பள்ளத்தாக்குக்கும் அந்த நிம்மதி கிடைக்கும்.

அதுவரை, மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே நோட்டீசு கொடுத்துவிடுவது நல்லது. கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கலியாணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கையெழுத்துப் போட மூன்று சாட்சிகள் தேவை. பயம் இருந்தால், அதே நாளில் போலீஸ் சூப்பிரண்டு ஆபீசிலும் ஒரு மனு கொடுக்கலாம். இப்படிப்பட்ட தம்பதிகளைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கும்படி 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது.